ஹார்டு டிஸ்க் சாகறதில்ல மக்களே, சாகடிக்கிறோம்!

பெங்களூருல உக்காந்து ஆணி புடுங்குற எனக்கு ஊர்லேர்ந்து வர்ற போன்ல பாதி, "மாப்ள, பொட்டி டிக் டிக்னு சத்தம் போடுது, என்ன செய்ய?" தான். என் பதில் ஒண்ணே ஒண்ணு: மொதல்ல கரண்ட்டைப் புடுங்குங்க. அதை மட்டும் யாரும் செய்யறதில்ல.

மேகமலை எஸ்டேட்ல இருக்குற மாமாவும் செய்யல. கீழ டவுன்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டார். அங்க ராத்திரி பூரா செக்டிஸ்க் ஓட்டினாங்க. அப்புறம் ரெக்கவரி சாப்ட்வேரை அதே டிஸ்க்லயே இன்ஸ்டால் பண்ணினாங்க. கடைசியா ப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல வெச்சாங்க! "மலைக் காத்து ஒத்துக்கல சார்"னு சொல்லி முடிச்சுட்டாங்க. போனது பத்து வருஷ போட்டோ. அத்தை இப்ப உயிரோட இல்ல.

மலைக் காத்தா? மேகமலை சுமார் 1500 மீட்டர் உயரம். சாதாரண டிஸ்க்கே 3000 மீட்டர் வரைக்கும் ஓடும்னு தயாரிக்கிறவங்களே எழுதிக் குடுக்குறாங்க. காத்து மேல பழி போடாதீங்க சாமி.

செக்டிஸ்க் வேலை ஃபைல் சிஸ்டத்தைச் சரி பண்றது, உங்க போட்டோவைக் காப்பாத்தறது இல்ல. சாகப் போற டிஸ்க்லயே அது எழுதும். புதுசா இன்ஸ்டால் பண்றதும் அழிஞ்ச ஃபைல் இருந்த இடத்துலயே போய் உக்காரலாம். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தா உள்ள ஈரம் கோக்கும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கறது சில நானோமீட்டர் இடைவெளி. அதுல தண்ணியா?

2003 பிப்ரவரி 1, கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் சிதறிச்சே... அதுல இருந்த ஒரு டிஸ்க் எரிஞ்சு கருகி, மண்ணு புகுந்து கிடைச்சுது. அதுலேர்ந்து ஏறக்குறைய 99 சதவீதம் டேட்டாவை எடுத்துட்டாங்க. அந்த ஆராய்ச்சி முடிவு 2008ல வெளியாச்சு. சேதமான இடத்துல டேட்டா இல்லாதது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா அவங்க அதை அப்படியே கரண்ட்ல சொருகிப் பாக்கல. தட்டைக் கழட்டி, சுத்தம் பண்ணி, வேற டிஸ்க் உடம்புல மாட்டினாங்க. வானத்துலேர்ந்து விழுந்தது பொழைச்சுது, மேசை மேல இருந்தது செத்துது!

சத்தம் வந்தா நிறுத்துங்க, அது லேப் வேலை. சத்தமில்லாம மெதுவாப் படிக்குதா? லினக்ஸ் யுஎஸ்பில பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூ வெச்சு இன்னொரு டிஸ்க்குக்கு முழுக் காப்பி எடுங்க. காசு கிடையாது. எதைப் படிச்சோம், எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும். மரம் சாஞ்சு கரண்ட் போற மேகமலையில, விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் எல்லாம் காப்பி மேல மட்டும்.

கடைக்காரண்ணே, தெரியலைன்னா "தெரியல"ன்னு சொல்லுங்க, தப்பில்ல. ஆனா காப்பி எடுக்காம கை வைக்காதீங்க. டிஸ்க் போனா கடையில வாங்கிக்கலாம். அத்தை சிரிச்ச போட்டோவை எந்தக் கடையில வாங்கறது?