டேம்பர் வைத்தியம்

அமெரிக்காவில் பழைய ஜீப் ராங்ளர் வைத்திருப்பவரிடம் ‘டெத் வாபிள்’ என்று சொன்னாலே முகம் மாறும். 31 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் மாட்டுவார்கள். அது இடிக்காமலிருக்க வண்டியையும் தூக்கிக் கட்டுவார்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும். அவ்வளவுதான், ஸ்டீயரிங் கையை உதறித் தள்ளும். வேகம் குறையும்வரை விடாது. அதுதான் டெத் வாபிள். வீல் பேலன்ஸ் கோளாறு இப்படி இருக்காது. குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் வரும், தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தைக் கேட்காமலேயே உதறலைத் தணிக்கும் புது ஸ்டீயரிங் டேம்பரை மாட்டி அனுப்பும் மெக்கானிக்குகள் மீது எனக்குக் கோபம் உண்டு. காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்ட கதைதான் அது. பெரிய டயர் முன் அச்சின் இணைப்புகளில் தேய்மானத்தை உண்டாக்கலாம், ஏற்கெனவே இருப்பதை அம்பலப்படுத்தலாம். தனியாக அதுவே குற்றவாளி ஆவது அபூர்வம். வண்டியைத் தூக்கியதில் ஸ்டீயரிங் அச்சின் சாய்வான காஸ்டர் கோணம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று: சக்கரங்கள் தரையிலேயே இருக்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டட்டும். இன்னொருவர் கீழே படுத்து, முன் அச்சைச் சட்டத்தோடு குறுக்காகப் பிணைக்கும் டிராக் பாரின் முனையில் விரல் வைக்கட்டும். போல்ட் இறுக்கமாகத் தெரிந்தாலும் விரலில் ஆட்டம் தட்டுப்படலாம். போல்ட் நுழையும் துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கலாம்.