கதைக்கு முன்னே செல்லும் கடிதம்

சிறுகதை எழுதுவது ஒரு வேலை. அதனை அச்சேற்ற அனுப்புவது வேறொரு வேலை. முன்னதை இரவிரவாக விழித்திருந்து செய்து முடிக்கும் எம்மவர் பலர், பின்னதில் வந்து இடறுகின்றனர். கதையோடு இணைத்து அனுப்ப வேண்டிய அறிமுகக் கடிதம், அதாவது நாம் 'கவரிங் லெட்டர்' என்று வழங்கும் அந்த அரைப்பக்கம், அவர்களைக் கலங்க வைக்கின்றது. பிளாட் புஷ்ஷிலும் அயலிலும் வாழும் இளையோர் சிலர், தம் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியும் தமிழிலிருந்து பெயர்த்தும் இந்நாட்டுச் சஞ்சிகைகளுக்கு அனுப்பத் தொடங்கியுள்ளனர். கடிதத்தைத் திருத்தித் தருமாறு என்னிடமும் வருகின்றனர். அக்கடிதங்களை வாசித்தபோது எழுந்த எண்ணங்களே இவ்வாரப் பத்தி.

அவை பெரும்பாலும் ஒரே அமைப்பில் உள்ளன. முதலில் பணிவான வேண்டுகோள். அடுத்து, ஊரைவிட்டு ஓடியது, குண்டுவீச்சு, முகாம், காணாமற்போன உறவினர், விசாவுக்குக் காத்திருந்த ஆண்டுகள். இறுதியில், 'எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்துதவுங்கள்' என்ற இரங்கல். கதையைப் பற்றி ஒரு வரியே இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது.

இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது என்பது எமக்குத் தெரியாததன்று. அகதி அந்தஸ்துக் கோரிய ஒவ்வொருவரும் தம் வாழ்வை நாள் நேரம் தவறாமல் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தவரே. அங்கே துயரை முழுமையாகச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் மறுமுறை சந்தேகம் எழும். அதற்கும் முன்னர், பள்ளிக்கூடத்தில் நாம் கற்பித்த கடிதங்களோ 'தாழ்மையுடன்' என்று தொடங்கும் விண்ணப்பங்கள். ஆகவே கதைக்கென்று தாளை எடுத்தாலும் கை தானாகவே மனு எழுதத் தொடங்கிவிடுகின்றது.

ஆனால் பத்திரிகை ஆசிரியர் எவருக்கும் அந்தஸ்து வழங்குபவரல்லர். இக்கதை தம் வாசகருக்கு உகந்ததா என்பதொன்றே அவர் தீர்மானிக்க வேண்டியது. இரக்கத்தினால் அவர் ஒரு கதையை ஏற்றாராயின், அச்சில் வருவது எழுத்தாளரின் பெயராயினும் வாசிக்கப்படுவது ஒரு பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமே. இன்னொரு நட்டமும் உண்டு. கதையின் முடிவில் வாசகர் தாமே கண்டு திடுக்கிட வேண்டிய இழப்பைக் கடிதத்தின் முதற்பந்தியிலேயே கொட்டிவிட்டால், பிறகு கதைக்கு என்ன எஞ்சும்?

எம் முன்னோர் இவ்விடயத்தில் தெளிவாகவே இருந்தனர். பவணந்தியாரின் நன்னூல், சிறப்புப் பாயிரத்திற் கூறவேண்டியவை எவையென வகுத்துரைக்கின்றது. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், அது வந்த வழி, நுதலிய பொருள், கேட்போர் முதலியன அவற்றுட் சில. ஆக்கியோனின் கண்ணீர் அப்பட்டியலில் இல்லை. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விதிக்கும் அதே நூல், சில இடங்களில் அதற்கு விலக்கும் அளிக்கின்றது. அரசவைக்கு ஓலை அனுப்பும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும் புலவன் தன்னைப் பற்றிச் சொல்லலாம். ஒக்லாந்திலிருந்து முன்பின் அறியாத ஆசிரியருக்கு எழுதும் எம் இளைஞருக்கு இவ்விரண்டும் பொருந்தும். வெறும் பணிவும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். தகவல் போதும்.

ஈழத்தில் இத்தகைய கடிதத்துக்குத் தேவை குறைவாயிருந்தது. 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவை அவருடைய முடிதிருத்தகத்திலேயே தேடிச் சென்று காண முடிந்தது. தமிழகத்து வார இதழ்களோ, கதை சொந்தக் கற்பனை, தழுவலன்று, வேறெங்கும் அனுப்பப்படவில்லை என்ற உறுதிமொழியையும், திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையையும் கேட்டன. நாம் பழகியது இவ்வளவே.

இந்நாட்டின் புகழ்பெற்ற சிறுகதை ஆசிரியையும் இந்தப் படியில் ஏறியவரே. 1907இல் வெலிங்டனில் இருந்த கதரீன் மான்ஸ்பீல்ட், மெல்பேர்ணில் வெளிவந்த 'நேற்றிவ் கொம்பானியன்' என்ற சஞ்சிகைக்குத் தம் சிறு சித்திரங்களை அனுப்பினார். ஆசிரியர் ஈ.ஜே. பிரேடி அவரைப் பற்றி விசாரித்தார். செப்டெம்பர் மாதம் எழுதிய பதிலில், தாம் ஏழை, பெயரறியப்படாதவர், வயது பதினெட்டு என்றார். எழுத்து தம்முடையதே, பிறரிடமிருந்து எடுத்ததன்று என உறுதி கூறினார். பியூசம்ப் என்ற குடும்பப் பெயரை விடுத்துத் தாம் தெரிந்த புனைபெயரிலேயே வெளியிடக் கேட்டார். ஏழை என்றது அலங்காரம். தந்தையார் நியூசிலாந்து வங்கியின் இயக்குநர் சபையில் இருந்தவர். பிரேடிக்கு அந்த ஏழ்மை ஒரு பொருட்டாகவில்லை. இத்துணைச் சிறு வயதினர் இவ்வாறு எழுதுவரா என்பதே அவருடைய ஐயம். தந்தையாரே கடிதம் எழுதி அதைத் தீர்க்க நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் எழுத்துகள் வெளிவந்தன. யாருடையது, சொந்தமானதா, எப்பெயரில் வெளியிடுவது: ஓர் ஆசிரியர் அறிய விரும்புபவை அன்றும் இன்றும் இவையே.

ஆகவே எழுதுவோர் பின்வருமாறு எழுதினாற் போதும்:

'ஆசிரியர் அவர்கட்கு, "கிணற்றடி" என்னும் 2,400 சொற்கள் கொண்ட சிறுகதையை இத்துடன் அனுப்புகின்றேன். தமிழில் நான் எழுதியதை நானே ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளேன். இது எம்மொழியிலும் வெளியாகவில்லை, வேறிடத்துக்கு அனுப்பப்படவுமில்லை. யாழ்ப்பாணத்திற் பிறந்த நான் பிளாட் புஷ்ஷில் வசித்து, முதியோர் இல்லமொன்றில் இரவுவேலை செய்கின்றேன். தங்கள் நேரத்துக்கு நன்றி.'

இவ்வளவே. கதைச்சுருக்கம் வேண்டாம். கதை முன்னரே தமிழ்ச் சஞ்சிகை ஒன்றில் வந்திருந்தால் மறைக்காது சொல்லுங்கள். பிறர் மொழிபெயர்த்திருந்தால் அவர் பெயரையும் அவர் சம்மதத்தையும் குறிப்பிடுங்கள். ஒரே கதையைப் பல இடங்களுக்கு அனுப்பியிருந்தால் அதையும் தெரிவித்து, ஓரிடத்தில் ஏற்கப்பட்டதும் மற்றையோருக்கு உடனே அறிவியுங்கள். சொல் எண்ணிக்கையை அனுப்பும் பிரதியிலேயே எண்ணுங்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் நாலைந்தாகும். சஞ்சிகையின் நிபந்தனைகளை வாசித்து, ஆசிரியரின் பெயரைப் பிழையின்றி எழுதுங்கள். எம் பெயர்களைப் பிறர் சிதைக்கும்போது எமக்கு நோவதில்லையா?

புனைபெயர் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் இன்னும் உறவினர் உள்ளவர்க்கு அது அலங்காரமன்று, பாதுகாப்பு. கடிதத்தில் இரு பெயர்களையும் தந்து, அச்சில் எது வரவேண்டும் எனத் தெளிவாக எழுதுங்கள். உறவினரின் உண்மைப் பெயரும் ஊரும் கடிதத்தில் இடம்பெற வேண்டியதில்லை.

பழைய உறுதிமொழி இன்று புதுப்பொருள் பெற்றுள்ளது. 2023 பெப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, செயற்கை நுண்ணறிவு புனைந்த கதைகள் வந்து குவிந்தமையாற் சிலகாலம் கதைகளை ஏற்பதையே நிறுத்தியது. 'இதனை நானே எழுதினேன்' என்ற வாக்கியத்துக்கு இப்போது மதிப்பு மிகுதி.

எம் துயர் இந்நாட்டு இலக்கியத்தில் இடம்பெறாதென்று எவரும் அஞ்ச வேண்டாம். வெலிங்டனில் வாழும் பிரணவன் ஞானலிங்கம் 2017இல் வெளியிட்ட 'சொடன் டவுன்ஸ்ரீம்' நாவலின் நாயகி, புயல் நாளில் துப்புரவு வேலைக்குப் போக வழிதேடும் ஈழத் தமிழ் அகதிப் பெண். 2018இல் அந்நூல் ஒக்கம் நியூசிலாந்து நூல் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பெண் பட்டதெல்லாம் நாவலுக்குள் நிற்கின்றது.

கதை திரும்பி வரக்கூடும். வந்தால், மறுக்கப்பட்டது கதை ஒன்றே, உங்கள் வாழ்வன்று. வாழ்வு முழுவதையும் கடிதத்தில் வைத்து அனுப்பியவருக்கு அந்த வேறுபாடு தெரியாமற் போகும். திரும்பி வந்ததைத் திருத்தி, கடிதத்தின் தேதியை மாற்றி, அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.