செவியில் விழுந்தும் நெஞ்சைத் தொடாதபோது

1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியேந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார் என்பதை நம் குடும்பங்கள் அறியும். தமிழில் ஆக்கிய செபங்களை அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். வீடு திரும்பிப் பெற்றோருக்கும் கற்பித்தார்கள். திருச்செந்தூரை அடுத்த நம் கடற்கரையூர்கள் இவ்வாறு செவிவழியே வேதம் கற்றவை. அக்கல்விக்கு மணியோசை மட்டும் போதுமாயிருந்ததோ? ஓசை கேட்டதும் ஓடிவந்த ஆவலும் வேண்டியிருந்தது.

அந்த ஆவலே வற்றிப்போன மனிதர் நம்மிடையே உண்டு. மகிழ்வுணரும் ஆற்றல் குன்றிய இந்நிலைக்கு, பிரெஞ்சு உளநூலறிஞர் ரிபோ 1896-இல் 'அன்ஹெடோனியா' என்று பெயரிட்டார். மனச்சோர்வு நோயின் தலையாய அறிகுறிகளுள் இதுவும் ஒன்று.

செவி கேட்பது வேறு, கேட்டதில் மனம் களிப்பது வேறு. 2014-இல் பார்சலோனா ஆய்வாளர்கள், இசையால் எவ்வித இன்பமும் அடையாத சிலரைக் கண்டறிந்தனர். அவர்களுக்குச் செவிக்குறை இல்லை. சோகப் பாட்டு எது, மகிழ்ச்சிப் பாட்டு எது என்றும் சொல்வார்கள். பணம் வெல்லும் விளையாட்டில் மற்றவரைப் போலவே மகிழ்ந்தார்கள். இவர்கள் நோயாளிகளும் அல்லர். (பாடற்குழுவினர் இவர்களைப் பொறுத்தருள்வார்களாக!) 2016-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இசை கேட்கையில் ஓசையை உணரும் பகுதிக்கும் இன்பத்தை உணரும் பகுதிக்கும் இடையே தொடர்பு குறைந்திருந்தது.

மனச்சோர்வில் குறை இன்னும் பரந்தது. அது கற்றலையும் தொடுகிறது. பிசகாலி என்பவரும் துணைவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஒன்றுபோன்ற இரு உருவங்களைப் பிரித்தறியச் சொல்லி, ஒன்றுக்கு மட்டும் அடிக்கடி பரிசளித்தனர். பிறர் தம்மை அறியாமலே பரிசின் பக்கம் சாய்ந்தனர். சோர்வு மிகுந்தோர் அவ்வளவாகச் சாயவில்லை. அறிவு மழுங்கியதன்று, கிடைத்த நன்மை மனத்தில் தடம் பதிக்கவில்லை.

ஆதலால், கடலில் கணவனை இழந்த பெண்ணோ, பிள்ளை பெற்ற இளந்தாயோ திருப்பலியில் கல்லாய் அமர்ந்திருந்தால், "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று தீர்ப்பிடுவது அநியாயம் என்போம். மறைக்கல்வி வகுப்பில் எதுவும் ஏறாத மாணவனைச் சோம்பேறி என்னுமுன் அவன் உண்டானா, உறங்கினானா என்று கேட்க வேண்டும். "பாடு, மனம் தேறும்" என்று வற்புறுத்துவதால் அவர்களுடைய குற்றவுணர்வே வளரும். பாடாமலும் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம். மாலையில் கடற்கரைவரை உடன் நடக்கலாம். ஆர்வம் பிறக்கட்டும் என்று காத்திராமல் சிறு செயல்களைத் தொடங்கச் செய்வது மருத்துவர் கையாளும் முறைகளுள் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இந்நிலை நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.