நாலு வருஷத்தில் கோல்கீப்பரா?

விடிவதற்குள் கீழ்வேளூர் நாகை சாலையில் பையன்கள் ஓடுகிறார்கள். ராணுவத்தில் சேர 1,600 மீட்டர் ஓட வேண்டும். ரிட்டயரான பி.டி. வாத்தியார் நான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்பேன். அவர்களில் ஒருவன் நல்ல உயரம். சம்பா அறுத்த வயலில் இரண்டு மூங்கிலை நட்டுப் பந்தாடும்போது, ஓட முடியாதவனைத்தான் கோலில் நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். இவன் கேட்டு வாங்கி நின்றவன். தாள் கிழித்த முழங்கையோடு பள்ளிக்கு வருவான்.

அவனைப் பார்த்தால் பீட்டர் தங்கராஜ் நினைவு வரும். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்த தமிழ்ப் பெயர்க்காரர், ஆறேகால் அடி உயரம். 1953இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார். முன்வரிசையில் கோல் போட வந்தவரைக் கோலைக் காக்க வைத்தது ராணுவம்தான். 1955இல் அந்த மையத்தின் அணி டூராண்ட் கால்பந்துக் கோப்பையை வென்றது. 1958இல் மறுபடியும். அதே ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயரெடுத்தார்.

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்காததை இந்திய நிர்வாகி சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் அரங்கமே நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. எதிரே தென்கொரியா, முதல் சுற்றில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அணி. அரையிறுதியில் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். இறுதிக்குப் பயிற்சியாளர் ரஹீம் இறக்கியது தங்கராஜை. பி.கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒன்று. கொரியாவுக்குக் கடைசியில் ஒரே ஒரு கோல். தங்கம் நமக்கு. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

அப்படி ஒரு கோல்கீப்பர் உருவாகக் காலம் வேண்டும். ராணுவத்தில் சேர்ந்த இரண்டே வருஷத்தில் டூராண்ட் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. அது பதினொரு பேர் சேர்ந்து வாங்கியது. தங்கராஜ் என்ற தனி ஆள் முற்றி வர 1958 ஆயிற்று: ஐந்து வருஷம். கோல்கீப்பர் நீண்டகால நெல் மாதிரி, குறுவைப் பட்டத்தில் அறுக்க முடியாது.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சிப்பாய்க்கு நாலு வருஷப் பணிதான். அதன்பின் நாலில் ஒருவருக்கு மேல் தங்க இடமில்லை. பதக்கத்தோடு வருகிறவனுக்குத் தனி வாசல் உண்டு என்பார்கள். தங்கராஜ் எந்தப் பதக்கத்தோடு போனார்? சோறும் பூட்ஸும் மைதானமும் கொடுத்து, அவசரப்படாமல் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

ராணுவ அமைச்சகத்துக்கு இந்தக் கிராமத்து வாத்தியாரின் விண்ணப்பம்: ரெஜிமென்ட் அணியில் இடம்பிடிக்கும் சிப்பாயை நாலு வருஷக் கணக்கில் சேர்க்காதீர்கள். பயிற்சியாளர் போதும் என்று சொல்லும்வரை அவனை வைத்திருங்கள்.