செப்பிடு வித்தை இழிவானதா?

கணக்கில் சூது செய்தவனையும் மேடையில் பொய்யுரைத்தவனையும் "செப்பிடு வித்தைக்காரன்" என்று வசைபாடுகிறோம். இஃது அறமா? செப்பு என்பது சிறு கலம். செப்புகளைக் கவிழ்த்துப் பந்தை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டும் கைத்திறனே அவ்வித்தை. 1975இல், அந்நாளைய பிரித்தானிய இளவரசர் சார்ல்ஸ், இலண்டன் 'மேஜிக் சர்க்கிள்' கழகத்தில் உறுப்பினராவதற்குச் செய்து காட்டியதும் இவ்வித்தையே.

பகலெல்லாம் அலுவல் பார்த்து, இரவில் கண்ணாடி முன் நின்று விரல்களைப் பழக்கி, பள்ளி விழாவில் ஊதியம் கருதாது வித்தை காட்டும் அன்பரை நம் சமூகம் எவ்வாறு மதிக்கிறது? "வேலையற்றவர்" என நகைப்பர் சிலர்; "சூனியம் கற்றவர்" என அஞ்சுவர் சிலர். இரண்டும் அறியாமையே.

சூனியப் பழி சுமத்தி எளியோரை வதைப்பதைக் கண்டித்து 1584இல் நூல் வெளியிட்ட ரெஜினால்ட் ஸ்காட் என்னும் ஆங்கிலேயர், அதில் கைவித்தைகளின் நுட்பத்தையும் விளக்கினார். 1926இல் வித்தைக் கலைஞர் ஹூடினி, காசுக்குக் குறி சொல்வோரைத் தடுக்கும் சட்டம் வேண்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் சான்றுரைத்தார்.

வித்தைக்காரர் "இது வித்தை" என்று அறிவித்தே நம் கண்ணை மயக்குகிறார்; போலிச் சாமியாரோ "இது அருள்" என்று கூறிப் பொருளைக் கவர்கிறார். முன்னவரை எள்ளிப் பின்னவரின் காலில் விழுவது எவ்வகை நியாயம்?

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பில் நாணயத்தை மறைத்துக் காட்டும் மாணவனைக் கடியாதீர். "எவ்வாறு மறைந்தது?" என்று வகுப்பை வினவுங்கள். வினவப் பழகிய பிள்ளையைப் போலிகள் எளிதில் ஏய்க்க இயலாது.