இனிப்பு நீரும் நம் தட்டும்

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியரிடையே மற்றவரைவிட அதிகம்.

நோய் தெரிந்ததும் பட்டினி கிடப்பது பேதைமை. இன்சுலின் ஊசியோ, சில மாத்திரைகளோ எடுத்தபின் வெறும் வயிற்றோடு பால்வெட்டப் போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறி, பழம் இருக்கட்டும். டின்பால் தேநீரை விடுவோம். நாற்காலியில் உட்காரும் கிராணிமார் தினம் அரைமணி நடக்கட்டும்.

நிர்வாகத்துக்கு ஒரு சொல்: பரிசோதனைக்குப் போகும் நாளில் சம்பளத்தை வெட்டினால், தொழிலாளி மருந்தகம் போகமாட்டான், பிறகு கால் போகும், கண் போகும். அந்நாளுக்குச் சம்பளம் கேட்பது பிச்சையன்று, நியாயம்! ஒன்றுபட்டுக் கேட்போம்.