தண்ணீருக்கு ஒரு பாஸ்புக்

நம் ஊரில் மீட்டர் என்ற வார்த்தைக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. ஆட்டோவில் அது ஒரு அலங்காரப் பொருள். மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர் தெருமுனையில் தெரிந்ததுமே ஓடிப்போய் ஏ.ஸி.யை அணைக்கிற ஆசாமிகள் எனக்குச் சிநேகிதர்கள். (இரண்டு மாசம் ஓடினது ஓடினதுதானே சார்!)

அதனால்தான் அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலத்து விவசாயியைப் பற்றிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நாம் வருமான வரி ரிட்டர்ன் போடுகிற மாதிரி, அவர் வருஷா வருஷம் மார்ச் 1-ம் தேதிக்குள் தண்ணீர் ரிட்டர்ன் போட வேண்டும்.

1945-ல் வந்த சட்டம் அது. நிலம் உங்களுடையதாக இருக்கலாம். அடியில் இருக்கும் தண்ணீர் மாநில மக்களுக்குப் பொது. எந்தக் கிணறு, எந்த நிலத்துக்கு, வருஷத்துக்கு எவ்வளவு என்று பர்மிட் வாங்கித்தான் இறைக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் விலக்கு. வருஷம் முடிந்ததும் மீட்டர் ரீடிங், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அபராதம். தெரிந்தே பொய் எழுதினால் குற்றம்.

வங்கி ஆடிட் பிரிவில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அவனே ரீடிங் பார்த்து அவனே எழுதறதா? விளங்கினாப்லதான்!”

அவர் சந்தேகம் நியாயமானதுதான். ஆஸ்திரேலியாவில் 2017-ல் ஏ.பி.ஸி. தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. டார்லிங் நதிப் பக்கம் சில பெரிய பண்ணைகள் அளவுக்கு மேல் இறைத்தன, மீட்டரில் கை வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு. நாடே அமளிதுமளி. அடுத்த வருஷமே நியூ சவுத் வேல்ஸில் கண்காணிக்கத் தனி அமைப்பு வந்தது. மீட்டருக்கு சீல், பெரிய பம்ப்புகளுக்குத் தானாகவே ரீடிங் அனுப்பும் கருவி என்று விதிகள் இறுகின.

ஆனால் பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு என்பது திருடனைப் பிடிக்க மட்டும் இல்லை. கையில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் கணக்கு.

கான்ஸஸின் மேற்குப் பகுதிக்கு மிச்சம்தான் பிரச்னை. அங்கே விவசாயம் நடப்பது ஓகலாலா என்ற நிலத்தடி நீரை நம்பி. எட்டு மாநிலங்களின் அடியில் பரந்து கிடக்கிறது அது. நம் பாஷையில், தாத்தா போட்டு வைத்த ஃபிக்ஸட் டெபாசிட். அந்த வறண்ட சீமையில் மழை தருகிற வட்டி கொஞ்சம். எடுக்கிற பணம் அதிகம். அசலே கரைகிறது.

‘குறைச்சுக்கோ’ என்றால் யார் கேட்பார்கள்? நான் குறைத்தால் பக்கத்து வயல்காரன் உறிஞ்சிவிடுவான். அவனுக்கும் என்மேல் அதே சந்தேகம். இரண்டு பேரும் போட்டி போட்டு இறைப்பார்கள், கிணறு வற்றுகிற வரைக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஷெரிடன் கவுன்ட்டி பக்கத்து விவசாயிகள். 99 சதுர மைல் பகுதி. அவர்களே கூடிப் பேசி, 20 சதவிகிதம் குறைப்பது என்று திட்டம் போட்டார்கள். 2013-ல் அது அரசாங்க உத்தரவாகவே அமலுக்கு வந்தது. ஏக்கருக்கு ஐந்து வருஷத்துக்கு மொத்தம் 55 அங்குலம் தண்ணீர். (ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும், 12,000 லிட்டர் லாரியில் எட்டரை நடை!) ஐந்து வருஷ கேஷுவல் லீவை மொத்தமாகக் கையில் கொடுத்து, ‘உன் சௌகரியப்படி எடுத்துக்கோ’ என்கிற மாதிரி. வறண்ட வருஷம் கூடுதலாக எடுக்கலாம், மழை வருஷம் சேமிக்கலாம்.

தண்ணீர் குடிக்கும் மக்காச்சோளத்தைச் சிலர் குறைத்தார்கள். மண்ணின் ஈரம் பார்த்துப் பாய்ச்சினார்கள். முதல் ஐந்து வருஷத்தில், பழையபடி போயிருந்தால் இறைத்திருக்கக்கூடியதைவிட 31 சதவிகிதம் குறைவாக இறைத்தார்கள் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. லாபம் படுத்துவிடவில்லை. நீர்மட்டம் இறங்குவது நிற்கவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. 2018-லும் 2023-லும் ஏற்பாட்டைப் புதுப்பித்தார்கள்.

இதெல்லாம் நடந்தது போலீஸை நிறுத்தி அல்ல. வருஷக்கணக்காக எழுதி வைத்த ரீடிங் கையில் இருந்தது. பக்கத்து வயல்காரனும் குறைத்தானா என்று சந்தேகம் வந்தால், வம்பளக்க வேண்டாம். நம்பரைப் பார்த்தால் போதும்.

ஆடிட் நண்பரிடம் இதையும் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அது மீட்டர் இல்லை சார், ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக்” என்றார்.

ஆடிட்டர்கள் எப்போதாவதுதான் இப்படிக் கவிதையாகப் பேசுவார்கள். குறித்து வைத்துக்கொண்டேன்.